கூன் நிமிருமா?

(மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு, மலருக்காக எழுதித் தரப்பட்டது)



உங்கள் காரியதரிசி என்னிடம் வந்தபோது, சமயச் சொற்பொழிவுகளுக்கு இவ்வாண்டு குறைவில்லை, உடல்நலம் சம்பந்தமாக ஒரு பேச்சு வேண்டும், ஆனால் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் மாத்திரம் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆகவே என் தொழிலில் அருகிலிருந்து பார்த்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். முப்பது வருடங்களுக்கு மேலாகச் சத்திரசிகிச்சைக் கூடத்திலே நோயாளியின் தலைமாட்டில் இருந்தவன் நான். அந்த இடத்திலிருந்து கண்டதையும், அதுபற்றி வெளிவந்த ஆராய்ச்சிகளிற் படித்ததையுமே இன்று சொல்லப்போகிறேன்.

விஷயம் இதுதான்: வளர்ந்தவர்களுக்கு, அதிலும் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு, வளைந்தும் கோணியும் போன முள்ளந்தண்டைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தலாமா? நிமிர்த்தினால் வரக்கூடிய ஆபத்துக்கள் யாவை? முதல் இரண்டு வருடங்களில் காணும் பலன் எத்தகையது? இச்சபையிலே இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இருப்போர் சிலராவது உண்டென்பது எனக்குத் தெரியும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள், "அம்மா, பணத்தைப்பற்றி யோசிக்க வேண்டாம், சென்னைக்குப் போய்ச் செய்துகொண்டு வாருங்கள்" என்று தொலைபேசியிற் சொல்லுகிறார்கள். அம்மாவோ பயப்படுகிறா. அயலவர் ஆளுக்கொரு கதை சொல்லுகிறார்கள். பயத்துக்கும் கதைக்கும் இடையில் உண்மை எது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

கூன் என்றதும் நம்மவர்க்கு மூவர் நினைவுக்கு வருவர். ஒருத்தி மந்தரை, அவளை இங்கு விட்டுவிடுவோம். மற்றவர் கூன்பாண்டியன். திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார் அவனுடைய வெப்புநோயைத் தீர்த்ததையும், பின்னர்த் திருப்பாசுரம் பாடியபோது அவன் கூன் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறன் ஆயினதையும் பெரியபுராணம் கேட்ட எவரும் அறிவர். மூன்றாமவள் பாகவதத்தில் வரும் திரிவக்கிரை. கண்ணபிரானுக்குச் சந்தனம் கொடுத்தவள். கண்ணன் தன் பாதத்தால் அவள் பாதத்தை அழுத்தி, இரண்டு விரல்களை மோவாயின் கீழ் வைத்து உயர்த்தி அவளை நிமிர்த்தினான் என்பது கதை. இதைப் பிரசங்கியார் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வைத்தியசாலை ஞாபகந்தான் வரும். கீழே பிடித்துக்கொண்டு மேலே இழுப்பது என்பது உலகத்து வைத்தியர் எல்லாரும் கையாண்டு பார்த்த முறை. கிரேக்க தேசத்து ஹிப்போகிரட்டீஸ் காலத்திலே கூனரை ஏணியிற் கட்டி உயரத்திலிருந்து விழவிட்டு நிமிர்த்தப் பார்த்தார்கள். கூட்டத்தை வியக்கவைக்கவே அதைச் செய்கிறவர்கள் உண்டென்று அவரே குறைகூறி எழுதியிருக்கிறார். கூட்டத்தை வியக்கவைக்கும் வைத்தியம் இன்றும் ஒழிந்துவிடவில்லை என்பதை வழியோடு சொல்லிவைக்கிறேன்.

முள்ளந்தண்டு ஒரே தடியன்று. கழுத்தில் 7, நெஞ்சில் 12, நாரியில் 5 ஆக 24 முள்ளென்புகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு, கீழே இடுப்பெலும்பில் ஊன்றி நிற்கின்றன. முன்னின்று பார்த்தால் அது நேர்க்கோடு. பக்கத்தில் நின்று பார்த்தால் கழுத்தும் நாரியும் உள்வளைந்தும் நெஞ்சுப்பகுதி பின்வளைந்தும் இருக்கும். இவ்வளைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதனாலேயே தலை இடுப்புக்கு நேர்மேலே நிற்கிறது. முன்னின்று பார்க்கையில் 10 பாகைக்கு மேற்பட்ட வளைவு இருந்தால் அதைப் பக்கக்கோணல் என்பர். அதை அளக்கும் முறையை 1948ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் ஜோன் கொப் வகுத்தார். இன்றும் அம்முறையே கையாளப்படுகிறது.

கோணல் எல்லாம் நோயென்று எண்ணிவிடக் கூடாது. அறுபதைக் கடந்த 75 தொண்டர்களை எக்ஸ்-கதிர்ப் படம் பிடித்துப் பார்த்து 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், நூற்றுக்கு 68 பேருக்குப் பக்கக்கோணல் இருந்தது. வீடும் வளவும் பார்த்து, சந்தைக்குப் போய் வந்து திரிகிறவர்களுக்கும் அது இருக்கலாம். ஆகவே படத்திலே கோணல் தெரிகிறது என்பதற்காக ஒருவரும் கத்திக்குப் போகவேண்டியதில்லை. ஆளைத் துன்புறுத்துவது வேறொன்று. அதே 2005இல் ஸ்டீவன் கிளாஸ்மன் முதலியோர் 352 நோயாளரை ஆராய்ந்து, உடல் முன்பக்கமாக எவ்வளவு சாய்கின்றதோ அவ்வளவுக்கு வேதனையும் இயலாமையும் கூடுகின்றன என்று காட்டினர். பக்கத்துக்குக் கோணியவர் ஓரளவு சமாளிப்பார். முன்னுக்குச் சாய்ந்தவர் பாடு பெரும்பாடு. நிலத்தைப் பார்த்தே நடப்பார். எதிரே வருபவர் முகத்தைக் காண முழங்காலை மடக்கி இடுப்பைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். பத்து யார் நடந்ததும் எதிலாவது கையூன்ற வேண்டும். சமையலறைத் திட்டில் முழங்கையை வைத்துக்கொண்டு கறி கிண்டும் தாய்மாரை நீங்கள் கண்டிருப்பீர்கள். வயதென்று நாம் சொல்லிவிடுகிறோம். சிலருக்கு அது வயது. சிலருக்கு முள்ளந்தண்டின் சமநிலை குலைந்த நிலை.

இது வரும் வழிகள் பல. பள்ளிக்கூட வயதில் வந்த கோணல் ஐம்பது வருடங்களாக மெல்ல மெல்லக் கூடிவருவது ஒன்று. இடைத்தட்டுக்கள் தேய்ந்து முதுமையிற் புதிதாக வருவது மற்றொன்று. என்பு நலிந்து முள்ளென்புகள் ஓசையின்றி நொறுங்குவதும் உண்டு. போலியோ வந்த பிள்ளைகளின் தசை தளர்ந்து முதுகு கோணியதும் உண்டு; இலங்கையில் 1993க்குப் பின் அந்நோய் எவருக்கும் வரவில்லையாயினும், முன்னர் வந்தவர்கள் இன்று நம்மிடையே முதியவர்களாக இருக்கிறார்கள். இவற்றோடு, நம்முடைய பகுதிகளில் மறக்கக் கூடாத ஒரு காரணம் காசநோய்.

காசம் நெஞ்சுக்கு மாத்திரம் வருவதென்று பலர் நினைக்கின்றனர். அது முள்ளென்பையும் அரிக்கும். 1779இல் லண்டன் மாநகரத்துப் பேர்சிவல் பொட் இதை விவரித்து எழுதினார். அரித்த முள்ளென்பு முன்பக்கம் சரிய, முதுகிலே கூரான கூன் எழும்பும். இதற்கு என்ன செய்வது என்பதில் உலகம் இரண்டு பட்டது. ஹொங்கொங்கில் ஹொட்ஸன், ஸ்டொக் என்ற இருவர் 1956 முதல், நெஞ்சைத் திறந்து அரித்த பாகத்தை முழுவதும் அகற்றி, வேறோர் என்பை வைத்துப் பொருத்தும் பெருஞ் சத்திரசிகிச்சையை முன்வைத்தனர். அத்தகைய கூடமும் கைதேர்ந்தவரும் இல்லாத ஊர்களில் என்ன கதி? இதற்கு விடை காண உதவிய இடங்களுள் ஒன்று நம் பக்கத்துச் சென்னை என்பது நமக்குப் பெருமை. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், சனற்றோரியத்தில் கிடக்காமல் வீட்டிலிருந்தே மருந்து எடுத்தாலும் காசம் மாறும் என்பதை 1959இல் உலகுக்குக் காட்டியது. பின்னர் முள்ளந்தண்டுக் காசத்திலும் அவ்வாறே ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்குப் பெருஞ் சத்திரசிகிச்சையும் மருந்தும். மற்றப் பகுதியினருக்கு நடமாடிக்கொண்டே ஆறு மாதமோ ஒன்பது மாதமோ மருந்து மாத்திரம். பத்து வருடங் கழித்துப் பார்த்து 1999இல் வெளியிட்ட முடிவு: எல்லாப் பகுதியிலும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் குறையாமல் நன்றாயிருந்தனர்.

நோய் மாறியது சரி; கூன்? அங்கேதான் சிக்கல். மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றிச் சரிந்த என்பை நிமிர்த்தாது. சென்னையில் அந்நோயாளருள் 90 பேரைத் தொடர்ந்து பார்த்த ராஜசேகரன், டி. கே. சண்முகசுந்தரம் என்னும் இருவரும் 1987இல் ஒரு கணக்கைத் தந்தனர். இங்கே கணிதம் படிக்கும் பிள்ளைகள் இருப்பதால் அதைச் சொல்லுகிறேன். தொடக்கத்தில் எத்தனை முள்ளென்பளவு அழிந்ததோ அந்த எண்ணை 30.5ஆற் பெருக்கி 5.5ஐக் கூட்டினால், கடைசியில் நிற்கப்போகும் கூனின் பாகை கிடைக்கும். ஒரு முழு முள்ளென்பு போனால் 36 பாகை. ஒன்றரை போனால் 51 பாகைக்குச் சற்று மேல். இரண்டு போனால் ஏறக்குறைய 67. ஒரு பென்சிலும் ஒரு படமும் இருந்தால், எவருக்கு மருந்து போதும், எவருக்கு இப்போதே கத்தி வேண்டும் என்பதைச் சிறிய ஊரின் வைத்தியரும் முன்கூட்டியே மதிப்பிடலாம். விலையுயர்ந்த கருவிகளைக் கண்டுபிடித்தவர்களைவிட இத்தகைய கணக்குத் தந்தவர்களிடத்தே எனக்கு மதிப்பு அதிகம்.

அவ்வாறு கூனோடு மாறியவர்களுட் சிலருக்கு, இருபது முப்பது வருடங் கழித்து, கூரான வளைவின்மீது முண்ணாண் இழுபட்டுத் தேய்ந்து கால்கள் மரத்துவிடுவதுண்டு. அந்த வயதில் அதை நிமிர்த்துவது முள்ளந்தண்டுத் துறையிலே மிகக் கடினமான வேலைகளுள் ஒன்று. கோயம்புத்தூர்க் கங்கா வைத்தியசாலையில் அதே ராஜசேகரனும் அவருடைய கூட்டத்தாரும் அப்படிப்பட்ட 17 பேருக்கு முள்ளென்பை ஆப்புப்போல வெட்டி நிமிர்த்தி, மூன்று வருடம் பார்த்து 2010இல் எழுதினர். கூனில் சராசரி பாதிக்கு மேல் குறைந்தது. முழுவதையும் நிமிர்த்த அவர்கள் முயலவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். முண்ணாண் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே.

இனி, சத்திரசிகிச்சை வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 1911இல் நியூயோர்க்கில் ஹிப்ஸ், அல்பீ என்ற இருவர் தனித்தனியே முள்ளென்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் முறையைத் தொடக்கினர். 1962இல் ஹூஸ்ரன் நகரத்துப் போல் ஹரிங்டன், போலியோவாற் கோணிய பிள்ளைகளுக்காகத் தாம் செய்த உருக்குத் தடியைப்பற்றி எழுதினார். மேலும் கீழும் கொளுவி, ஜாக்கி வைத்ததுபோல உயர்த்துவது. உலகமெங்கும் அத்தடி பரவியது. பக்கக்கோணல் நிமிர்ந்தது, எல்லாரும் மகிழ்ந்தனர். இருபது வருடங் கழித்துத்தான் அதன் மறுபக்கம் வெளிப்பட்டது. தடி நேரானது, ஆனால் நாரி இயற்கையில் நேரானதன்று. அந்த உள்வளைவைத் தடி தட்டையாக்கிவிட்டபடியால், நாற்பது வயதில் அவர்கள் முன்னுக்குச் சாயத் தொடங்கினர். ஒரு கோணலைத் திருத்தப் போய் மற்றொரு கோணலை உண்டாக்கியதாயிற்று. இன்று இடும் திருகாணிகளையும் வளைக்கக்கூடிய தடிகளையும் கொண்டு பக்கவாட்டு வளைவையே முதலிற் கவனிப்பதற்கு அந்த அனுபவமே காரணம்.

கூடத்தினுள்ளே நடப்பது என்ன? நோயாளியை மயக்கி, குப்புறக் கிடத்துவோம். முதுகைத் திறந்து, பத்துப் பன்னிரண்டு முள்ளென்புகளில் இருபுறமும் திருகாணி இறக்குவார்கள். வளைவு இறுகிப்போயிருந்தால் ஒரு முள்ளென்பின் பின்பாகத்தில் ஆப்பு வடிவமாக என்பை வெட்டியெடுத்து, இடைவெளியை மூடுவார்கள். ஒரு ஆப்பால் 30 பாகையளவு நிமிரும். ஆறு மணித்தியாலம், எட்டு, சிலவேளை அதற்கு மேலும் செல்லும். வெட்டிய என்பிலிருந்து வரும் குருதியைக் கட்டி நிறுத்த முடியாது. லீற்றர் கணக்கிற் போவதுண்டு. 1962இல் ஜப்பானிய வைத்தியை உதாக்கோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் கண்டுபிடித்த டிரனெக்ஸாமிக் அமிலம் என்ற மலிவான மருந்து இக்குருதியிழப்பைக் குறைக்கிறது. பிரசவத்தில் தாய்மார் இரத்தம் போகாதிருக்க வேண்டுமென்று எண்ணி அவ்வம்மையார் தேடியது, எங்கள் மேசைக்கும் உதவியது.

எனக்கு அதிகம் அச்சந் தந்த கணம், தடியைப் பூட்டி நிமிர்த்தும் கணம். முண்ணாண் அப்போது என்ன பாடுபடுகிறதென்று கண்ணுக்குத் தெரியாது. 1973இல் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஸ்ராக்னாரா என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு வழி சொன்னார்கள்: மயக்கத்தைச் சற்றுக் குறைத்து, நோயாளியை இடையில் எழுப்பு. "அம்மா, கையை மடக்குங்கோ" என்று காதிற் சொல்லுவோம். கை மடங்கும். "இனிக் கால்விரலை ஆட்டுங்கோ" என்போம். கூடத்திலே அப்போது ஒருவரும் பேசமாட்டார்கள். விரல் ஆடினால் மீண்டும் மயக்கத்தில் ஆழ்த்துவோம்; விழித்தபின் பெரும்பாலார்க்கு அது நினைவிலிராது. கை மடங்கிக் கால் ஆடாவிட்டால், பூட்டிய தடியைத் தளர்த்தவேண்டும். இப்போது தலையிலும் காலிலும் ஊசிமுனைகள் பொருத்தி நரம்பின் மின்சைகைகளை இடைவிடாது பார்க்கும் கருவிகள் உண்டு. அவை இருக்கின்றனவா, அவற்றைப் பார்க்கப் பயின்றவர் கூடவே இருப்பாரா என்பது எங்கே சத்திரசிகிச்சைக்குப் போனாலும் கேட்கவேண்டிய முதற் கேள்வி. நெடுநேரம் குப்புறக் கிடப்பதால் மிக அரிதாகக் கண்பார்வை போவதும் உண்டு. அதையும் முன்னதாகச் சொல்லாத மயக்க மருந்து வைத்தியரிடம் நான் என் மனைவியை ஒப்படைக்க மாட்டேன்.

இனி எண்கள். 2011–2012இல் மூன்று கண்டங்களைச் சேர்ந்த 15 பெரிய நிலையங்கள் சேர்ந்து, கடினமான கோணலுடைய 272 பெரியவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து, கால்களின் பலத்தை ஒழுங்காக அளந்தன. 2016இல் வெளிவந்த பெறுபேறு: வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போது நூற்றுக்கு 22 பேருக்குக் கால் முன்னையிலும் பலவீனமாயிருந்தது, ஆறு கிழமையில் அது 18 ஆயிற்று, ஆறு மாதத்தில் 11. மறுபக்கத்தில், ஆறு மாதத்தில் நூற்றுக்கு 20 பேருக்கு முன்னையிலும் பலம் கூடியிருந்தது. இவை உலகின் தலைசிறந்த கைகள். அவர்களுக்கே இப்படியென்றால், "ஒன்றும் நடக்காது, பயப்படாதீர்கள்" என்று சொல்லும் எவரையும் நம்பவேண்டாம்.

ஜஸ்டின் ஸ்மித் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் 291 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து அதே 2016இல் எழுதினர். நூற்றுக்கு 70 பேருக்கு ஏதோவொரு சிக்கல் வந்தது. சிறிய சிக்கல்களும் இதில் அடங்கும். சிறுநீர்த் தொற்று முதல் தடி உடைதல் வரை எல்லாவற்றையும் எழுதினார்கள். ஆயினும் நூற்றுக்கு 28 பேர் மறுபடியும் மேசைக்கு வரவேண்டியிருந்தது. நாலில் ஒருவருக்கு மேல்! வீட்டை ஈடுவைத்து ஒரு சத்திரசிகிச்சைக்குப் பணஞ் சேர்க்கும் குடும்பம், இரண்டாவதற்கும் கணக்குப் போட்டிருக்கிறதா என்று யோசிக்கவேண்டும்.

இவ்வளவையும் கேட்டபின், அப்படியானால் ஏன் செய்யவேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். 2011இல் வந்த மற்றோர் ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. 206 பேரை வயதுப்படி பிரித்தார்கள். சிக்கல் வந்தவர் 25 முதல் 44 வயதினரில் நூற்றுக்கு 17. 45 முதல் 64 வயதினரில் 42. 65க்கு மேல் 71. இதைப் பார்த்தால் முதியவர் கிட்டவே போகக் கூடாது என்று தோன்றும். ஆனால் அதே முதியவர்களே, இயலாமையும் கால்வலியும் குறைந்ததில், இளையவரிலும் அதிக நன்மை பெற்றிருந்தனர். அவர்கள் தொடங்கிய இடம் அவ்வளவு மோசம். படுகுழியில் கிடந்தவன் ஏறிய தூரந்தான் அதிகம். இன்னுமொன்று: வட அமெரிக்காவில் 9 நிலையங்கள், நாரிக்கோணலுடையவர்களைச் சீட்டுப் போட்டதுபோல இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்குச் சத்திரசிகிச்சையும் மற்றதற்கு மருந்தும் உடற்பயிற்சியுமென்று ஒதுக்கின. 2019இல் அதன் பெறுபேறு வந்தது. மருந்துப் பகுதிக்கு விழுந்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் இரண்டு வருடத்துக்குள் தாமாகவே சத்திரசிகிச்சைக்கு மாறிவிட்டனர்! செய்துகொண்டவர்களின் நிலை தெளிவாகவே மேம்பட்டிருந்தது. செய்யாதவர்கள் பெரும்பாலும் இருந்தபடியே இருந்தனர். இருந்தபடியே இருப்பது சிலருக்குப் போதும். அதுவும் ஒரு பெறுபேறே.

என் குடும்பத்து விஷயம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். என் ஒன்றுவிட்ட தமக்கையார், கொட்டாஞ்சேனையில் இருப்பவர், ஆசிரியையாக இருந்து இளைப்பாறியவர். சிறுவயதுக் கோணல், அறுபத்தாறு வயதில் முன்சாய்வாகிவிட்டது. மகன் கனடாவிலிருந்து சீட்டு அனுப்பிவிட்டான். அவர் என்னிடம் வந்து, "தம்பி, பிழைப்பனோ எண்டு நான் கேக்கேல்லை. நடப்பனோ? அதைச் சொல்லு" என்றார். நான் மேலே சொன்ன எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கிழமை அந்தத் தாளை வைத்திருந்தார். பிறகு, "அக்கா, என்ன முடிவு?" என்று கேட்டேன். "குசினிக் கல்லிலை சாய்ஞ்சுகொண்டு இன்னும் பத்து வருசம் இருக்கேலாது" என்றார். சென்னையில் ஒரு வைத்தியசாலையில் எட்டு மணித்தியாலம் சத்திரசிகிச்சை நடந்தது. விழித்தபோது வலது பாதம் மேலே தூக்கவில்லை. அழவில்லை, "நூற்றுக்கு இருபத்திரண்டிலை நானும் ஒண்டு" என்றார். காலுக்குப் பட்டை போட்டு, பொல்லோடு நடந்து, ஐந்தாம் மாதம் பாதம் தூக்கத் தொடங்கியது. ஒன்றரை வருடத்தில் ஒரு பக்கத் தடி உடைந்தது. மற்றத் தடி தாங்குகிறது, வலியில்லை, ஆகையால் தொடவேண்டாமென்று விட்டிருக்கிறார்கள்.

இப்போது நிமிர்ந்து நடக்கிறார். ஆனால் எண்களில் எழுதாத ஒன்றை அவரே எனக்குச் சொன்னார். நெஞ்சிலிருந்து இடுப்புவரை முள்ளந்தண்டு ஒரே என்பாகிவிட்டதே, இனி வளையாது. நிலத்தில் சம்மணமிட்டு இருக்க முடியாது. கோலம் போட முடியாது. கோயிலில் விழுந்து கும்பிட முடியாது; கொடிக்கம்பத்தடியில் நின்றபடியே கைகூப்புகிறார். கால் கழுவப் பேரப்பிள்ளை வேண்டும். மேலைநாட்டாருக்குக் கதிரையும் கட்டிலும் மேசையுமே வாழ்க்கை. ஆகவே அவர்களுடைய ஆராய்ச்சித் தாள்கள் இதைப் பெரிதாகக் கேட்பதில்லை. நிலத்தோடு வாழ்கிற நாம், கையெழுத்துப் போடுமுன் இதை நிச்சயம் கேட்கவேண்டும். "முன்னமே தெரிஞ்சிருந்தாலும் செய்திருப்பன், ஆனால் ஒருக்கால் கடைசியா விழுந்து கும்பிட்டிட்டுப் போயிருப்பன்" என்றார் அக்கா.

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஓர் இளைப்பாறிய எழுதுவினைஞர், ஏறக்குறைய அதே வயது, அதே அளவு பக்கக்கோணல், செய்வதில்லையென்று முடிவு செய்தார். அவர் முன்சாயவில்லை. காலையில் கடற்கரையோரம் தெகிவளைவரை நடக்கிறார். அவர் முடிவும் சரி என்பதே என் அபிப்பிராயம்.

எவருக்கு ஆபத்து அதிகம்? என்பு நலிந்தவருக்குத் திருகாணி பிடிக்காது. ஈரச்சுவரில் அடித்த ஆணி மாதிரி. ஆகவே என்பின் அடர்த்தியை முன்னரே அளந்து, வேண்டுமானால் மாதக்கணக்கில் மருந்து கொடுத்து உரமேற்றிய பிறகே போகவேண்டும். புகைப்பவருக்கு என்பு ஒட்டாது. ஒட்டாத இடத்திலேயே தடி உடையும். நீரிழிவு கட்டுப்படாதவருக்குக் காயத்தில் கிருமி ஏறும். (காரியதரிசி மன்னிக்கவேண்டும், நீரிழிவு எப்படியோ உள்ளே வந்துவிட்டது.) வருடக் கணக்கைவிட உடலின் தளர்ச்சியே முக்கியம். எழுபத்தைந்து வயதில் தானே படியேறுகிறவர், அறுபது வயதில் கட்டிலோடு கிடப்பவரைவிடத் தாங்குவார். முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போடுவது வலிக்கு இதமாயிருக்கலாம், நான் தடை சொல்வதில்லை. ஆனால் என்பு நலிந்த முதுகை அழுத்தி நிமிர்த்த எவருக்கும் இடங்கொடுக்கவேண்டாம். பெரியவர்களின் கோணலைப் பட்டி கட்டியோ உடற்பயிற்சி செய்தோ நிமிர்த்திவிட முடியாது. ஆயினும் நடையும் பயிற்சியும் தசைக்குப் பலந்தரும், வலியைத் தணிக்கும். சத்திரசிகிச்சைக்குப் போனாலும் போகாவிட்டாலும் அவை வீண்போகா.

போக முடிவு செய்த வீட்டாருக்குச் சில நடைமுறைச் செய்திகள். வீடு திரும்புமுன் கட்டிலையும் கதிரையையும் உயரமாக்குங்கள். குந்தும் மலகூடம் உதவாது; கொமட் வேண்டும். சமையற் சாமான்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டில் வையுங்கள். முதல் ஆறு கிழமை இரவில் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். மருந்து மயக்கத்தில் முதியவர்கள் சில நாள் மாறாட்டமாகப் பேசுவதுண்டு. பைத்தியமென்று பயப்படவேண்டாம், பெரும்பாலும் தெளிந்துவிடும். காய்ச்சல், காயத்தில் நீர் வடிதல், கால் புதிதாக மரத்தல், சிறுநீர் கட்டுதல் என்பன கண்டால் அடுத்த கிளினிக் வரைக்கும் பொறுத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தகைய சத்திரசிகிச்சை ஒன்றுக்கு எத்தனை பை குருதி வேண்டுமென்று காலையில் சொல்ல முடியாது. நம் நாட்டிலே குருதி விலைக்கு வாங்கப்படுவதில்லை. 2014 முதல் முழுவதும் தாமாக முன்வந்து கொடுப்பவர்களிடமிருந்தே பெறப்படுகிறது. 18 வயது நிரம்பி 60க்கு உட்பட்ட சுகதேகி ஒருவர் நாலு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய குருதி நிலையத்துக்கு நேரே போகலாம். சங்கத்தார் ஒழுங்குசெய்தால் நடமாடும் பிரிவினர் மண்டபத்துக்கே வருவார்கள். காரியதரிசியிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறார். போகும்போது பெயர் எழுதிவிட்டுப் போகலாம்.